ரெக்கார்ட் ரூமுக்கு வந்தவர்கள்

எந்த ஆஸ்பத்திரியிலும் ரெக்கார்ட் ரூமுக்கு நல்ல இடம் கொடுக்க மாட்டார்கள். மாடிப்படிக்கு அடியில் இருக்கும், பிணவறைக்குப் பக்கத்தில் இருக்கும், இல்லையென்றால் மழைத்தண்ணீர் முதலில் ஏறும் மூலையில் இருக்கும். 1980களின் கடைசியில் நான் கிளார்க்காகச் சேர்ந்த டிரஸ்ட் ஆஸ்பத்திரி மாட்டுங்காவுக்கும் சயானுக்கும் நடுவில் இருந்தது. அங்கே எனக்கு ஜன்னல் இல்லாத ஒரு நீள அறை. இரும்பு ராக்குகளில் வருஷ வாரியாக, ஐ.பி. நம்பர் வாரியாக, வெள்ளை நாடா கட்டிய கேஸ் பேப்பர்கள். பம்பாயில் எல்லாமே கேஸ் பேப்பர்தான். ஓ.பி.டி. சீட்டும் கேஸ் பேப்பர், ஒரு மாதம் படுத்துக் கிடந்தவரின் மொத்தக் கட்டும் கேஸ் பேப்பர்.

வீடு தாராவியில், 90 அடி ரோட்டுப் பக்கம். ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் திருநெல்வேலி, தூத்துக்குடிக்காரர்கள் நிறைய. தமிழ் தெரிந்த ஆள் வேண்டும் என்றுதான் என்னை எடுத்தார்கள். தொந்தரவு வந்ததும் அதே தமிழால்தான். அதைப் பிறகு சொல்கிறேன்.

வேலை சொல்லிக்கொடுத்த ஹெட் கிளார்க் ஒரு மராட்டியப் பெரியவர். அவர் முதலில் சொன்ன விதி: பேஷண்டுக்குக் காட்டாதே. ஏன் என்றேன். காட்டினால் கேஸ் போடுவார்கள் என்றார். வேறு யாருக்குக் காட்டலாம் என்று அவர் சொல்லவில்லை. பார்த்துப் பார்த்து நானே தெரிந்துகொண்டேன். ஹவல்தார் வந்தால் நாற்காலி போட்டுக் காட்டுவார்கள். விபத்து நஷ்டஈட்டு டிரிப்யூனல் வக்கீல்களின் ஆட்கள் வந்தால் வார்டுபாயே கட்டைத் தூக்கிக்கொண்டு டீக்கடை வரை போவான். பாலிசி எடுத்துக் கொஞ்ச நாளில் செத்துப்போனவரைப் பற்றி விசாரிக்க இன்ஷூரன்ஸ்காரர் வருவார், பழைய சர்க்கரை வியாதி ஏதாவது எழுதியிருக்கிறதா என்று தேடிக் குறித்துக்கொண்டு போவார். கம்பெனி லேபர் ஆபீசர் வருவார். இத்தனை பேருக்கும் திறந்திருந்த ராக், அந்தக் காகிதத்தில் பேர் இருக்கிற மனிதருக்கு மட்டும் பூட்டிக் கிடந்தது. அதற்குப் பெயர் ரகசியம் காப்பது.

பிறகு எத்தனையோ சட்டங்கள் வந்தன. ஒவ்வொன்று வந்தபோதும் நான் பார்த்தது ஒன்றைத்தான்: இந்தப் பூட்டு இடம் மாறியதா, இல்லையா.

என்னைத் தேடி வந்தவர்கள் வேறு வகை. கல்யாண விசாரிப்புக்காரர்கள். ஊரில் பெண் பேசி முடித்திருப்பார்கள், பையன் பம்பாயில் இருப்பான், அல்லது மறுபக்கமாக இருக்கும். வேட்டி கட்டிய ஒரு பெரியவர் வந்து பெஞ்சில் உட்கார்ந்து, "நீ நம்ம பக்கத்துப் பிள்ளைல்லா தாயீ, அந்தப் பொண்ணு ரெண்டு நாள் இங்க படுத்திருந்துச்சாம்லா. என்னத்துக்குன்னு மட்டும் பாத்துச் சொல்லு, போதும்" என்பார். முக்கால்வாசி அது குடல்வாலோ டைபாயிடோதான் இருக்கும். "ஒண்ணுமில்ல மாமா, சும்மா காய்ச்சல்" என்று சொல்லிவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி. ஆனால் அடுத்த வாரம் வேறொருவர் வேறொரு பெண்ணைப் பற்றிக் கேட்டு, அங்கே மட்டும் "சொல்லக் கூடாது" என்றால் அதுவே சொன்னதாக ஆகிவிடும். இதை எந்தச் சட்டப் புத்தகமும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நல்லதாக இருந்தாலும் கெட்டதாக இருந்தாலும் ஒரே பதில்தான் என்று வைத்துக்கொண்டேன்: "கட்டை எடுக்க எனக்கு அதிகாரம் இல்ல மாமா." திமிர் பிடித்தவள் என்று ஊர் வரை பேர் போனது.

அதே அறையில் ஒரு மர அலமாரிக்கு மட்டும் ஒழுங்கான பூட்டு இருந்தது. கருக்கலைப்புப் பதிவேடு அதற்குள் இருந்தது. 1971இல் வந்த சட்டம், அதற்கு 1975இல் எழுதிய விதிமுறை. நான் பார்த்த வரையில் நோயாளியின் பேரைக் காப்பதற்கு இதைவிடப் புத்தியாக எழுதிய விதி கிடையாது. பெண்ணின் பேர் அந்த ஒரு பதிவேட்டில் மட்டும் இருக்க வேண்டும். கேஸ் ஷீட்டிலோ ஆபரேஷன் தியேட்டர் ரிஜிஸ்டரிலோ வரக் கூடாது, அங்கெல்லாம் வரிசை எண்தான். சம்மதப் படிவத்தை உறையில் போட்டு ஒட்டி, மேலே 'ரகசியம்' என்று எழுத வேண்டும். கடைசிப் பதிவிலிருந்து ஐந்து வருஷம் ஆனால் பதிவேட்டையே அழித்துவிட வேண்டும். கம்ப்யூட்டர் இல்லாத காலத்திலேயே, பேரை எத்தனை இடத்தில் எழுதுகிறோமோ அத்தனை இடத்தில் கசியும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். 2003இல் விதிகளைப் புதிதாக எழுதியபோதும் இதைத் தொடவில்லை. நல்ல விதிதான். ஆனால் பில் கவுண்டர் என்று ஒன்று இருப்பதை அது நினைக்கவில்லை. அங்கே பேரும் இருக்கும், எதற்காகப் பணம் என்பதும் இருக்கும், புருஷன் கையில் ரசீதும் இருக்கும்.

1996இல் பம்பாய் ஹைகோர்ட் ரகுநாத் ரஹேஜா வழக்கில், நோயாளியோ அவர் வீட்டாரோ கேட்டால் கேஸ் பேப்பர் நகலைக் கொடுத்தே ஆக வேண்டும், அவர்களிடமே ரகசியம் என்று சொல்ல முடியாது என்றது. ஹெட் கிளார்க்கின் விதி அத்தோடு செத்தது. ஆனால் வழக்கம் சாகவில்லை. "டாக்டர் லீவு", "மெஷின் ரிப்பேர்", "எழுதிக் கொடுத்துட்டுப் போங்க" என்று இழுத்தடித்தார்கள். 2002இல் மெடிக்கல் கவுன்சில் விதியில் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று கெடு வைத்தார்கள். கெடு எழுதியதும் வேலை நடந்தது. உரிமை இருக்கிறது என்று சொன்னபோது அசையாதவர்கள் மணிக்கணக்குக்குப் பயந்தார்கள்.

எச்.ஐ.வி. வந்த பிறகுதான் ரகசியம் என்பது உயிர்போகிற விஷயம் என்று எங்கள் ஆட்களுக்கே புரிந்தது. 90களில் ரிப்போர்ட் பாசிட்டிவ் என்று வந்தால் கேஸ் பேப்பர் முகப்பில் சிவப்பு மையால் பெரிதாக எழுதிவிடுவார்கள். கட்டிலிலும் அட்டை தொங்கும். நர்ஸ்களின் பாதுகாப்புக்கு என்பார்கள். சாப்பாட்டுத் தட்டு கொண்டுவரும் பையனுக்கும் சிவப்பு மை தெரியும், பக்கத்துக் கட்டிலைப் பார்க்க வந்த அத்தைக்கும் தெரியும். அந்தக் கட்டுகள் என்னிடம் வந்ததும் புது முகப்புத்தாள் வைத்துத் தைத்து ராக்கில் ஏற்றுவேன். எனக்குச் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

1997இல் பம்பாய் ஹைகோர்ட்டில் ஒரு கூலித் தொழிலாளி, எச்.ஐ.வி. இருக்கிறது என்று வேலை மறுத்த ஒரு பொதுத்துறை நிறுவனத்தை எதிர்த்து ஜெயித்தார். வழக்கின் தலைப்பே எம்.எக்ஸ். எதிர் இஸட்.ஒய். அவர் பேரை மறைத்தே வழக்காட கோர்ட் விட்டது. அடுத்த வருஷமே சுப்ரீம் கோர்ட் இன்னொரு வழக்கில் வேறு மாதிரி பேசியது. ரத்தம் கொடுக்கப் போன ஒருவரின் எச்.ஐ.வி. பரிசோதனை முடிவு ஆஸ்பத்திரி வழியாக வெளியே போய் அவருடைய கல்யாணம் நின்றுவிட்டது. ஆஸ்பத்திரி செய்தது தப்பில்லை, அந்தப் பெண்ணின் உயிரும் உயிர்தான் என்றது கோர்ட். கல்யாண உரிமையைப் பற்றி அதில் தேவைக்கு மேல் சொன்னதை 2002இல் அவர்களே திருத்திக்கொண்டார்கள். எனக்கு அந்த 1998 தீர்ப்பின் மேல் இன்றும் முழுக் கோபம் வரவில்லை. விசாரிக்க வந்த மாமாக்களில் ஒருவருக்காவது நான் வாய் திறந்திருக்க வேண்டுமோ என்று அந்த வாரம் முழுக்க யோசித்தேன். ஆனால் சொல்வதாக இருந்தால் டாக்டர், அந்தப் பெண்ணிடம், நேராகச் சொல்ல வேண்டும். கிளார்க் பெஞ்சில் உட்கார்ந்து பெரியப்பாவிடம் சொல்வது வேறு காரியம். 2017இல் வந்து 2018 செப்டம்பரில் அமலான எச்.ஐ.வி. சட்டம் ஏறக்குறைய இந்தக் கோட்டைத்தான் போட்டது: சம்மதம் இல்லாமல் வெளியிடக் கூடாது, துணைக்குச் சொல்லும் இடத்திலும் டாக்டரோ கவுன்சிலரோதான் சொல்லலாம், அதற்கும் நிபந்தனைகள் உண்டு.

2004 ஏப்ரலில் அரசாங்கம் எச்.ஐ.வி.க்கான இலவச ஏ.ஆர்.டி. மருந்து தொடங்கியபோது மும்பையில் ஜே.ஜே. ஆஸ்பத்திரியில் கொடுத்தார்கள். பிறகு சயானிலும் வந்தது. தாராவியிலிருந்து சயான் ஆஸ்பத்திரி நடக்கிற தூரம். இருந்தும் எனக்குத் தெரிந்த ஒரு அக்கா கடைசி வரை பைகுல்லா இறங்கி ஜே.ஜே.க்கே போய் வந்தாள். "சயான்ல வரிசைல நின்னா நம்ம சந்துல பாதிப் பேரு பின்னால நிப்பாங்கடி" என்பாள். பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் இருக்கிற வீட்டில் பச்சை நிற நோயாளிப் புத்தகத்தை எங்கே ஒளிப்பது? அவள் அதை மாட்டுங்காவில் சமையல் வேலை செய்த வீட்டில், மாமியின் சம்மதத்தோடு, அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்திருந்தாள். ரயில் சார்ஜும் அந்த மாமியும்தான் அவளுடைய ரகசியத்தைக் காத்தார்கள்.

காசநோய் கதை இதற்கு நேர் எதிர். அங்கே பேரைச் சொல்லியே ஆக வேண்டும். தாராவிக்கு அடுத்த மாகிமில், ஹிந்துஜா ஆஸ்பத்திரியில், டாக்டர் ஸரீர் உத்வாடியா குழுவினர் எந்த மருந்துக்கும் அடங்காத காசநோயைப் பற்றி எழுதியது பெரிய சத்தம் ஆனது. 2012 மே மாதம் தனியார் டாக்டர்களும் ஒவ்வொரு காசநோயாளியையும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது, நிக்ஷய் கம்ப்யூட்டர் பதிவும் வந்தது. இது சரி என்றே நினைக்கிறேன். இருமல் சந்து முழுக்கப் பரவும் இடத்தில் பேரை ஒளிப்பது தருமம் ஆகாது. ஆனால் பேர் போக வேண்டிய இடம் ஒன்று. வீடு தேடி வரும் ஊழியர் சந்து முனையில் நின்று, "டி.பி. பேஷண்ட் வீடு எது?" என்று கேட்டால் அது அரசுக்குத் தெரிவித்தது ஆகாது, ஊருக்குத் தெரிவித்தது.

2005 ஜூலை 26. சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்த மழை. என் அறையில் கீழ் இரண்டு தட்டுகள் முழுக்க ஊறிப்போயின. தண்ணீர் வடிந்ததும் மேனேஜ்மென்ட் எடுத்த முடிவு: ரத்திக்கு, அதாவது பழைய பேப்பருக்குப் போடு. எங்கள் தாராவிக்குத்தானே வரும்! பழைய பேப்பர், பிளாஸ்டிக், டப்பா எல்லாம் பிரிக்கிற 13ஆம் காம்பவுண்ட் அங்கேதான் இருக்கிறது. எக்ஸ்ரே ஃபிலிமை வெள்ளிக்காக எடை போட்டு வாங்குவார்கள்; ஓரத்தில் பேரும் வயசும் அப்படியே இருக்கும். வெள்ளத்துக்கு முன்பே எங்கள் பகுதியில் ஒரு பட்டாணிக் கடையில் டிஸ்சார்ஜ் கார்டில் பொட்டலம் கட்டிக் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். அதனால் சண்டை போட்டேன். கடைசியில் இரண்டு ஆயாபாய்களை உட்கார வைத்து, பேர் இருக்கும் பக்கங்களைக் கிழித்துத் தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கிப் பிறகு கொடுத்தோம். மூன்று வருஷம் வைத்திரு என்று விதி இருந்தது. எப்படி அழிப்பது என்று அன்று எங்கள் கையில் ஒரு வரி இல்லை.

அதன் பிறகு செம்பூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஏசி, கம்ப்யூட்டர், டி.பி.ஏ. டெஸ்க். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் நிற்கும் இந்த டி.பி.ஏ.க்களுக்கு 2001இல் விதி வந்த பிறகு, முழுக் கேஸ் பேப்பரும் ஃபேக்ஸில் போக ஆரம்பித்தது. கால் எலும்பு முறிவுக்கு பில் கேட்டால், பத்து வருஷத்துக்கு முன்னால் மனநல டாக்டரைப் பார்த்த குறிப்பும் சேர்ந்து போகும். கேட்டதை மட்டும் அனுப்பு என்று நான் சொன்னால், "மேடம், க்ளெய்ம் ரிஜெக்ட் ஆயிடும்" என்பான் டெஸ்க் பையன். நோயாளியும் கையெழுத்துப் போட்டிருப்பார். ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு போட்ட கையெழுத்து.

பிரசவ வார்டு இன்னும் மோசம். குழந்தை பிறந்து வீட்டுக்குப் போவதற்குள் போன் வந்துவிடும்: தொப்புள்கொடி ரத்தம் சேமிக்கிறவர்கள், போட்டோ ஸ்டுடியோ, டயப்பர், சேமிப்புப் பாலிசி. பால்பவுடர்க்காரர்கள் மட்டும் கொஞ்சம் அடங்கியிருந்தார்கள், 1992இலேயே அவர்களைக் கட்டிப்போடச் சட்டம் இருந்ததால். செக்கப் ரிஜிஸ்டரில் உத்தேசத் தேதியும் மொபைல் நம்பரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஒரு பக்கத்தை மொபைலில் படம் எடுத்தால் இரண்டு டசன் வீடு. இந்த ஊரில் நோயாளியின் தகவலுக்கு விலை உண்டு என்று எனக்குப் பளிச்சென்று தெரிந்தது இங்கேதான். குறை பிரசவத்தில் குழந்தை போன ஒரு தாய்க்கும் வாழ்த்துச் சொல்லி போன் வந்தது. மொபைல் நம்பரை வேறு ரிஜிஸ்டருக்கு மாற்றி, அதை சிஸ்டர் இன்சார்ஜ் பூட்டில் வைக்கச் சொன்னேன். போன்கள் குறைந்தன, நிற்கவில்லை.

அதே காலத்தில் என் மகள் அந்தேரியில் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் கம்பெனியில் வேலை பார்த்தாள். அமெரிக்க டாக்டர் பேசியதைக் கேட்டு டைப் செய்கிற வேலை. உள்ளே மொபைல் கொண்டுபோகக் கூடாது, பேனா பேப்பர் கூடாது, மெயில் கிடையாது. ஹிப்பா, ஹிப்பா என்று வீட்டில் வந்து சொல்வாள். 1996இல் அமெரிக்கா போட்ட சட்டம். ஓஹையோவில் யாரோ ஒருவரின் முழங்கால் அந்தேரியில் அத்தனை பத்திரமாக இருந்தது. இங்கே செம்பூர்க்காரரின் இருதயம் ஃபேக்ஸ் தட்டில் கிடந்தது. எங்கள் ஆஸ்பத்திரி வெப்சைட்டில் பிரைவசி பாலிசி என்று ஒரு பக்கம் போட்டார்கள். அதிலும் ஹிப்பா என்ற பேர் இருந்தது, எங்கிருந்து நகல் எடுத்தார்களோ. நம் நாட்டிலேயே 2011இல் ஐ.டி. சட்டத்தின் கீழ் மருத்துவப் பதிவுகளும் அந்தரங்கத் தகவல் என்று விதி வந்திருந்தது. அதைப் பற்றி ஒரு ஆடிட்டர்கூட என்னிடம் கேட்டதில்லை.

கொரோனா எல்லாவற்றையும் திறந்து போட்டது. 2020 மார்ச்சில் வீட்டிலேயே தனித்திருக்கச் சொன்னவர்களின் இடது கையில் தேர்தல் மையால் முத்திரை குத்தினார்கள். ஏப்ரல் 1ஆம் தேதி தாராவியில் முதல் நோயாளி, அன்றிரவே இறந்துபோனார். அவர் பேர், கட்டடம், தொழில், குடும்பப் படம் எல்லாம் என் போனுக்கே நாலு வழியில் வந்தன. தாராவியில் அந்த நோயை அடக்கிய வேலையை நான் குறை சொல்ல மாட்டேன். வீடு வீடாகப் போய் ஆளைத் தேடியதால்தான் ஊர் பிழைத்தது. ஆனால் தேடுவதற்குப் போட்ட பட்டியல் வாட்ஸ்அப்பில் சுற்றியதால் யார் பிழைத்தார்கள்? தனிமைப்படுத்தும் முகாமிலிருந்து குணமாகி வந்த ஒரு பெண்ணைப் பொதுக் கழிப்பறை வரிசையில் சேர்க்கவில்லை. ஜூனில் மாநகராட்சி ஆய்வகங்களுக்கு ஒரு உத்தரவு போட்டது: பாசிட்டிவ் ரிப்போர்ட்டை நோயாளியிடம் நேராகக் கொடுக்காதே, எங்களிடம் கொடு. சில நாளிலேயே சுப்ரீம் கோர்ட் தலையிட்டு, நோயாளிக்கும் வீட்டாருக்கும் ரிப்போர்ட் கிடைக்க வேண்டும் என்றது. என் பழைய ஹெட் கிளார்க் உயிரோடு இருந்திருந்தால் அந்த உத்தரவை ரசித்திருப்பார்.

பிறகு நடந்தவை எல்லாருக்கும் தெரியும். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் கம்ப்யூட்டர்கள் முடங்கின. 2023 ஜூனில் தடுப்பூசிப் பதிவுத் தளமான கோவினின் தகவல்கள் டெலிகிராமில் வந்தன. 2024இல் சென்னையின் ஸ்டார் ஹெல்த் வாடிக்கையாளர்களின் க்ளெய்ம் காகிதங்கள் அதே டெலிகிராமில் வந்து, மெட்ராஸ் ஹைகோர்ட் வரை போயிற்று. 2023 ஆகஸ்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது; அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. ஆஸ்பத்திரிகளைக் கட்டுப்படுத்தும் முக்கியப் பகுதிகள் அமலாக அதிலிருந்து 18 மாதம். 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று பேப்பரில் பெரிய எழுத்தில் போட்டார்கள். அந்தப் பணம் அரசாங்கக் கஜானாவுக்குப் போகும். ரிப்போர்ட் வெளியே போய் கல்யாணம் நின்ற பெண்ணுக்கு அதில் ஒரு ரூபாய் இல்லை. ஐ.டி. சட்டத்தில் நஷ்டஈடு கேட்க இருந்த 43ஏ பிரிவையும் இந்தச் சட்டமே எடுத்துவிடுகிறது. மருத்துவத் தகவலுக்கென்று தனி மரியாதையும் இல்லை; மளிகைக்கடையில் கொடுத்த மொபைல் நம்பரும் எச்.ஐ.வி. ரிப்போர்ட்டும் இதற்கு ஒன்றுதான்.

இந்தச் சட்டம் இன்னொன்றும் செய்தது. 2006இல் மகாராஷ்டிரத்தின் முன்னாள் மந்திரி சுரூப்சிங் நாயக் கோர்ட் அவமதிப்புக்கு ஒரு மாதம் ஜெயில் என்று போய், அதில் 21 நாள் ஜே.ஜே. ஆஸ்பத்திரியில் இருந்தார். அவர் மருத்துவக் குறிப்பைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டார்கள். 2007இல் பம்பாய் ஹைகோர்ட், பொதுநலம் இருக்கிறது, கொடு என்றது. அந்தத் தகவல் உரிமைச் சட்டப் பிரிவை இப்போது மாற்றி, தனிநபர் தகவல் என்றால் மறுக்கலாம் என்று சுருக்கிவிட்டார்கள். பெரிய இடத்துக் கேஸ் பேப்பர் பூட்டிக்கொண்டது.

ரிட்டயர் ஆன பிறகு, தெரிந்தவர்கள் கூப்பிட்டால் தாராவியில் சின்னச் சின்ன லேப்களுக்குப் போய்ப் பதிவேடு ஒழுங்குபடுத்திக் கொடுக்கிறேன். கிராஸ் ரோட்டில் லேப் வைத்திருக்கும் தம்பி ஒருவர் புதுச் சட்டத்தைப் பற்றிக் கேட்டார். டிஜிட்டலாக இருக்கிற தகவலுக்கும், காகிதத்திலிருந்து டிஜிட்டலுக்கு மாற்றிய தகவலுக்கும்தான் அது பொருந்தும் என்றேன். அவர் முகம் மலர்ந்தது.

"அப்போ நோட்டுல எழுதுனா நம்மள ஒண்ணும் செய்ய முடியாதுல்லா, அக்கா?"

"நோட்ட ராத்திரி உங்க பையன் போட்டோ புடிச்சு உங்களுக்கு வாட்ஸ்அப்புல அனுப்புதானே தம்பி. அனுப்புன உடனே அது டிஜிட்டல்தான்."

யோசித்தார். மறு வாரம் போனபோது போட்டோ எடுப்பதை நிறுத்தியிருந்தார். சாயங்காலம் ஏழு மணிக்குப் பையன் கவுண்டரில் நின்று, காத்திருக்கிற அத்தனை பேருக்கும் நடுவில், அன்றைய பேர்களையும் ரிசல்ட்டுகளையும் போனில் அவருக்கு உரக்க வாசித்துக்கொண்டிருந்தான்.